அடுக்களையில் மருந்தாவது எது? குழந்தை நோய்களும் உணவின் எல்லையும்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அடிக்கடி வாட்டும் நோய்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: வயிற்றுப்போக்கு, சளி இருமல், மலச்சிக்கல், சோகை, கைக்குழந்தையின் ஓயாத அழுகை, எப்போதாவது ஒரு மஞ்சள் காமாலை. இவற்றுள் பல, மருந்து எதுவும் இல்லாமலேயே சில நாள்களிலோ வாரங்களிலோ தணிந்துவிடுகின்றன. இந்த இயல்பு வீட்டு வைத்தியத்துக்குப் பெரும் பலமாகவும், அதைச் சோதித்து அறிவதற்குப் பெருந்தடையாகவும் இருந்துவருகிறது. ஏனெனில் தானே தீரவிருந்த நோயில் எதைக் கொடுத்தாலும், தீர்த்த பெருமை கடைசியாகக் கொடுத்த பொருளுக்கே போய்ச் சேரும்.

கைக்குழந்தையின் அழுகை இதற்குத் தெளிவான சான்று. நன்றாகப் பால் குடித்து எடை கூடிவரும் குழந்தை, மாலை வேளைகளில் காரணமின்றி மணிக்கணக்கில் அழுவது பிறந்த ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓம வாட்டரும் கிரைப் வாட்டரும் வயிற்றில் எண்ணெய் தடவுவதும் வேலை செய்வதாகத் தோன்றுவது இந்தக் காலக்கணக்கினால்தான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் 1851-இல் உருவாக்கிய கிரைப் வாட்டரில் தொடக்கத்தில் ஆல்கஹாலும் கலந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தது என்பது மட்டுமே ஒரு பொருளுக்கு நற்சான்று ஆகாது என்பது விளங்கும்.

அப்படியானால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். இவ்வுரை முன்வைக்கும் அளவுகோல் இது: குழந்தை அந்த வயதில் உணவாக உண்ணத் தக்க பொருள் எதுவோ, அதுவே வீட்டில் அதற்கு மருந்தாகலாம், உணவாகாத பொருள் செடியிலிருந்து வந்ததாயினும் கடையிலிருந்து வந்ததாயினும், அளவும் தேவையும் அறிந்தவர் சொல்லாமல் குழந்தையின் வாய்க்கோ மூக்குக்கோ போகக் கூடாது.

1. வயிற்றுப்போக்கும் பட்டினியும்

வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி நேரடியாக அன்று. மலத்தோடும் வாந்தியோடும் வெளியேறும் நீரும் உப்பும்தான். உடலில் நீரும் உப்புகளும் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோகும் இந்நிலை நீரிழப்பு எனப்படும். பெரியவரைவிடக் குழந்தையின் உடலில் நீரின் பங்கு மிகுதி, மொத்த அளவோ குறைவு என்பதால், ஒரே பகலுக்குள் கண்கள் குழிந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் நின்றுபோகும் நிலை வந்துவிடக்கூடும். இந்த நேரத்தில்தான், வயிற்றுக்கு ஓய்வு வேண்டும் என்ற எண்ணத்தில் தண்ணீரையும் உணவையும் நிறுத்தும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் நீடிக்கிறது. பல் முளைப்பதால் வரும் பேதிதானே என்று இரண்டு நாள் விட்டுவைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

குடல் ஓய்வு கேட்பதில்லை என்பதை உடலியல் காட்டியிருக்கிறது. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் ஒன்றையொன்று துணைகொண்டு சேர்ந்தே உள்ளே கடத்தப்படுகின்றன என்பதை ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கினார். பேதி கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. ஆகவே உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் கலந்த நீரைக் கொடுத்தால், அவை இரண்டும் உள்ளே செல்லும்போது நீரையும் உடன் இழுத்துக்கொள்கின்றன. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலைப் பெருமளவில் தயாரித்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சி இல்லாதவர்களும் ஓர் உயிர்காக்கும் சிகிச்சையைச் செய்ய முடியும் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் பொட்டலம், உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2002-இல் திருத்தியமைத்த கலவையாகும். ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் என்பது அதன் கணக்கு. பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். இங்கே அளவே மருந்து. உப்பு கூடினால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைப் பெருக்கும். கடையில் விற்கும் பழச்சுவைப் பானங்களும் குளிர்பானங்களும் வயிற்றுப்போக்குக்கு ஆகாமைக்கு இதுவே காரணம். வங்கதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுத்த உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரை சேர் நீரும் என்று தாய்மாருக்குக் கைக்கணக்காகவே கற்பித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டியது. கற்பித்த பின், தாய்மார் கலந்த கரைசலை எடுத்துச் சோதித்தும் பார்த்தது.

கொடுக்கும் முறையும் அளவைப் போலவே முக்கியமானது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானபின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்குப் பாலாடையாலோ கரண்டியாலோ ஓரிரு நிமிடத்துக்கு ஒரு வாய் வீதம் புகட்டினால் தங்கும். தம்ளரோடு வாயில் சாய்த்தால் வாந்தியாகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது. இத்துடன் 10 முதல் 14 நாள் வரை துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராமும் மற்றவர்க்கு 20 மில்லிகிராமும் கொடுப்பது 2004 முதல் பரிந்துரைக்கப்படுகிறது.

தமிழ் வீடுகளின் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் இந்த இடத்தில் அறிவியலோடு ஒத்துப்போகின்றன. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோசாக உடைவதால், சர்க்கரையைப் போல நீரை வெளியே இழுப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடல் வரை செல்லும் ஒருவகை மாவுச்சத்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, சிறு கொழுப்பு அமிலங்களாக மாறி, சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் துணைசெய்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா கண்ட வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் இத்தகைய சோள மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்து, பேதியின் அளவு குறைந்ததை 2000-இல் வெளியிட்டனர். இளநீர் நல்லதே, ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால், கடுமையான பேதியில் அது மட்டும் போதாது. தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. பெரிய குழந்தைக்குக் குழைந்த சோறும் தயிரும், இட்லியும், மசித்த வாழைப்பழமும் வழக்கம்போல் கொடுக்கலாம்.

2. சளியும் இருமலும்

சளி பெரும்பாலும் வைரசால் வருவது. ஒரு வாரம் பத்து நாளில் ஓய்ந்துவிடும். இருமல் அதைத் தாண்டியும் சில நாள் நீடிக்கலாம். மூச்சுக்குழாயில் சேரும் கோழையை வெளியேற்ற உடல் கைக்கொள்ளும் வழியே இருமல் என்பதால், அதை அடக்குவதைவிடக் கோழையை இளக்குவதும் தொண்டையை ஆற்றுவதுமே பயன் தரும். வெதுவெதுப்பான நீர், மிளகு ரசம், தூதுவளைத் துவையல், மஞ்சள் கலந்த பால் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. வாயில் ருசியற்றுக் கிடக்கும் குழந்தையை நாலு வாய் உண்ணவும் வைக்கின்றன.

இவ்வகைப் பொருள்களுள் தேன் ஆய்வால் உறுதிப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இயான் பால் குழுவினர் இரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான 105 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவில், படுக்கும் முன் கொடுத்த தேன், இரவு இருமலையும் உறக்கத்தையும் பொறுத்தவரை, சிகிச்சை எதுவும் தராததைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோ அவ்வாறு மேம்படவில்லை. இரண்டு முதல் ஐந்து வயது வரை அரைத் தேக்கரண்டி, ஆறு முதல் பதினொரு வயது வரை ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் இரண்டு தேக்கரண்டி என்பது அதில் கொடுக்கப்பட்ட அளவு. ஆனால் இதே தேன் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நஞ்சாகக்கூடும். தேனில் இருக்க வாய்ப்புள்ள கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள், முதிராத குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளையும் மூச்சையும் முடக்கும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கும் சேனை என்னும் சடங்கு கைவிடத் தக்கது என்பது இதனால்தான். ஒரே பொருள் ஒரு வயதில் உணவாகவும் மற்றொரு வயதில் உணவாகாமலும் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

கடை இருமல் மருந்துகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்க்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் ஆணையிட்டது. காம்பியாவில் 2022-இல் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்கள் குடித்த சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. எனினும், கடை மருந்துக்கு அஞ்சி வீட்டில் கற்பூரத்தை எடுப்பதும் தீர்வாகாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சின் வழியாகவும் உடலுக்குள் சென்று வலிப்பை உண்டாக்க வல்லது. சிறு குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மூக்கில் எண்ணெய் விடுவதும், சங்கால் விளக்கெண்ணெய் புகட்டுவதும், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக் காரணமாகலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டே போதும். ஆவி பிடிப்பதால் குழந்தைக்குக் கிடைக்கும் பயனைவிட, கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்தே பெரிது.

சாதாரணச் சளியையும் நிமோனியாவையும் பிரித்தறிய வீட்டில் வேண்டியது ஒரு கடிகாரம் மட்டுமே. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, நெஞ்சும் வயிறும் எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்பவை எல்லைகள். எண்ணிக்கை இவற்றை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, ரசத்துக்கும் தேனுக்கும் உரிய வேளை கடந்துவிட்டது என்று பொருள்.

3. சோகையும் வைட்டமின் ஏ குறைவும்

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவதே சோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் இந்திய அளவில் 67.1 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினரும் சோகை உடையவர்கள். இதற்கு வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது மாதுளையும் பீட்ரூட்டும். ஆனால் அவற்றின் சிவப்பு நிறத்துக்கும் இரும்புச்சத்துக்கும் தொடர்பில்லை. கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி அந்த இரும்பைக் கரையும் வடிவில் வைத்து உறிஞ்சலைக் கூட்டுகிறது. தேநீரின் டானின்களும் தானியத்தின் ஃபைட்டேட்டும் அதைத் தடுக்கின்றன. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, வறுத்து அரைத்துக் கூழாக்கும் பழைய முறை ஃபைட்டேட்டைக் குறைக்கிறது. முருங்கைக்கீரைப் பருப்போடு எலுமிச்சை பிழிந்து பிசைந்த சோறும், அசைவம் உண்ணும் வீடுகளில் ஈரலும் மீனும், தேநீரைக் குழந்தைக்கு அறவே தவிர்ப்பதும், பசும்பாலே உணவென்று நாளெல்லாம் அதைக் கொடுக்காதிருப்பதும் சோகையைத் தடுக்கும்.

தடுப்பது வேறு, தீர்ப்பது வேறு என்பதை இங்கே மறக்கலாகாது. ஏற்கெனவே சோகை கண்ட குழந்தைக்கு உணவால் மட்டும் இரும்பை நிரப்பிவிட இயலாது. மருத்துவர் அறுதியிடும் அளவில் இரும்புச்சத்து மருந்து வேண்டும். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை கொடுக்கும் சிரப்பும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் இந்த இடைவெளியை நிரப்பவே ஏற்பட்டவை.

உணவின் அளவே உயிரைக் காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்த அளவை நாள்கணக்கில் பிரித்தால், ஒரு சிறு குழந்தைக்கு அன்றாட உணவிலிருந்து கிடைக்க வேண்டிய அளவுக்கு ஏறக்குறைய நிகராகும். பின்னர் உத்தரப் பிரதேசத்தில் நடந்த மிகப்பெரிய ஆய்வில் இவ்வளவு பெரிய பயன் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைபாடு கடுமையாக உள்ள இடத்தில்தான் அதை நிரப்புவதன் பயன் பெரிதாக வெளிப்படும். முருங்கைக்கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி, முட்டை ஆகியவை இச்சத்தைத் தருவன. கீரையோடு ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால்தான் அது உடலில் ஒட்டும்.

4. மலச்சிக்கல்

மலச்சிக்கலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் மலம் கழிக்காவிட்டாலும், கழிக்கும்போது அது இளகியிருந்தால் நோயன்று. திட உணவுக்கு வந்த குழந்தைக்கு அளவுக்கு மீறிய பாலும், பிஸ்கட்டும், நீர் குடியாமையும் முக்கியக் காரணங்கள். வயதோடு ஐந்தைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையே ஒரு நாளைக்கு வேண்டிய நார்ச்சத்தின் கிராம் அளவு என்பது எளிய கணக்கு. கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, கீரை, பயறு ஆகியவை அதை எட்டவைக்கும். உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் குழந்தையை அவசரப்படுத்தாமல் உட்காரவைக்கும் பழக்கம் பேதி மருந்தைவிட நீடித்த பலன் தரும்.

5. சோதனைக்கு உட்பட்ட மூலிகைகள்

மூலிகைகளைச் சோதிக்காமல் தள்ளுவதும் சோதிக்காமல் கொள்ளுவதும் ஒரே குற்றம். காமாலைக்குத் தமிழகம் முழுவதும் கொடுக்கப்படும் கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் முறையாகச் சோதித்து, ஹெப்படைட்டிஸ் பி வைரசைச் சுமப்பவர்களில் 59 விழுக்காட்டினரிடம் அதன் அடையாளம் மறைந்ததாகவும், வெறும் மாற்றுப்பொருள் பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரிடம் மட்டுமே மறைந்ததாகவும் 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். பிற இடங்களில் பின்னர் செய்த சோதனைகளில் அந்த முடிவு மீண்டும் கிட்டவில்லை. குழந்தைகளுக்கு வரும் காமாலையோ பெரும்பாலும் ஹெப்படைட்டிஸ் ஏ. அது சில வாரங்களில் தானே தீரும். ஆகவே அங்கு கீழாநெல்லிக்குக் கிடைக்கும் புகழ் முன்னர்க் குறித்த காலக்கணக்கைச் சேர்ந்தது. காமாலைப் பத்தியம் என்று எண்ணெயும் பருப்பும் நீக்கி வாரக்கணக்கில் குழந்தையை மெலியவைப்பதற்கு மருத்துவ நியாயம் இல்லை.

உரைமருந்தும் இவ்வாறே ஆராயத் தக்கது. கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றை உரைகல்லில் இரண்டு மூன்று இழைப்பு இழைத்துக் கைக்குழந்தையின் நாவில் தடவும்போது, கல்லிலும் கையிலும் நீரிலும் உள்ள கிருமிகளும் சேர்ந்தே போகின்றன. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாத குழந்தைக்கு இது தேவையற்ற வாயில் திறப்பு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பில் பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. எலிகளில் அது புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. இந்திய வசம்பு இப்பொருள் மிகுந்த வகை. நம் வீடுகளில் உணவாக எவரும் உண்ணாத வசம்பு, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு மட்டும் மருந்தாவது அளவுகோலுக்குப் பொருந்தாது.

6. எல்லையும் முடிவும்

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத அறிகுறிகளை ஒவ்வொரு வீட்டாரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுப்பது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம், மலத்தில் இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்ல மடங்கித் திரும்புவது, இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்தக் காய்ச்சலாயினும், பிறந்த குழந்தையின் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள் ஆகியவை கண்டவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை.

நோயின் முடிவைப் பேதி நின்ற நாளையோ இருமல் ஓய்ந்த நாளையோ கொண்டு கணிப்பது குறையுடையது. நோயில் இழந்த எடை திரும்பாத குழந்தையை அடுத்த தொற்று எளிதில் பிடிக்கும். அதில் மேலும் எடை குறையும். ஆகவே வயிற்றுப்போக்குக்குப் பின் இரண்டு வாரமாவது நாளுக்கு ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்த உண்மையின்மீதே அமைந்தது: மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை கூடாத குழந்தையைக் கண்டறிந்து, அதற்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தது. உணவை மருந்தைப் போலவே தேவையறிந்து, அளவோடு, காலவரையறையோடு கொடுக்க முடியும் என்பதை அத்திட்டம் கிராமந்தோறும் செய்து காட்டியது. அடுக்களை வைத்தியம் செய்யும் பாட்டிமாரும் தாய்மாரும் கைக்கொள்ள வேண்டிய முறையும் அதுவே. அவர்கள் கொடுத்தது பலித்ததா என்பதை அடுத்த மாதம் அங்கன்வாடித் தராசில் ஏறும் எடை சொல்லிவிடும்.